கணிதப் பட்டமும் தலைமைத்துவப் பாடமும்: பீடோங் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடிவு வெளியான நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பா ஓட்டி வருவார். பின்னால் பிள்ளை முடிவுத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் மலேசியாவில், கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் சீவியவர், அம்மா வெளிக்காட்டு வேலை. நான் ஆறாம் படிவத்துக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைச் சந்திக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து இரவில் கைப்பேசியில் படிக்கிற பெற்றோருக்கும் இது உதவட்டும்.

டீச்சர், கணிதம் எடுப்பதா, தலைமைத்துவம் எடுப்பதா?

கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுங்கள். தலைமைத்துவத்தை அதோடு சேர்த்து எடுங்கள். இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் தலைமைத்துவம் பெரும்பாலும் தனிப் பட்டமாக வருவதில்லை. நிர்வாகவியல் பட்டத்தில் ஒரு பாடமாகவோ, விருப்பப் பாடமாகவோ, புறப்பாட நடவடிக்கைப் புள்ளியாகவோதான் வரும். அப்படி வருவதுதான் சரி என்பது என் கருத்து. ஒருவர் எந்தத் துறையில் தலைமை தாங்கப் போகிறாரோ அந்தத் துறை முதலில் கைவசம் இருக்க வேண்டும். நம் தோட்டங்களில் பேர் சொல்லும்படி இருந்த மண்டோர்களை, அதாவது வேலை மேற்பார்வையாளர்களை, நினைத்துப் பாருங்கள். சீவுகிற கத்தியைத் தானே பிடித்துக் காட்டத் தெரிந்தவருடைய சொல்லுக்குத்தான் ஆட்கள் கட்டுப்பட்டார்கள்.

எஸ்.பி.எம். முடித்தாயிற்று. அடுத்து எந்த வழி?

கணிதப் பட்டத்துக்குப் போக எனக்குப் பிடித்த வழி ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. பக்கத்து அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கலாம், வீட்டுச் சோறு சாப்பிடலாம், செலவும் குறைவு. கணிதம் டி என்ற பாடத்தை எடுக்க வேண்டும். முதல் பருவத்தில் சார்புகள், தொடர்கள், அணிகள், சிக்கலெண்கள், வெக்டர். இரண்டாம் பருவம் முழுக்க நுண்கணிதம். மூன்றாம் பருவம் புள்ளியியல். இந்த மூன்றையும் ஒழுங்காக முடித்தவருக்குப் பல்கலைக்கழக முதல் ஆண்டில் பாதிப் பாடங்கள் தெரிந்த முகங்களாக இருக்கும்.

இன்னொரு வழி மெட்ரிகுலேஷன், அரசாங்கத்தின் பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பு. அது பொதுவாக ஓராண்டு. விடுதியில் தங்கிப் படிப்பது, வேகம் அதிகம். நமக்குக் கிட்டத்தில் கப்பளா பத்தாஸ் பக்கம் பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது, வடக்கே சங்லூனில் கெடா கல்லூரி. எஸ்.பி.எம்.-இல் 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் கொடுக்கப்படும் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். அந்த அளவு தேர்ச்சி இருந்தால் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். அதற்குக் கீழே உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கடிதம் வரும் வரும் என்று காத்திருந்து ஆறாம் படிவப் பதிவைத் தவற விட்டுவிடாதீர்கள். இப்படித் தவற விட்ட பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

டிப்ளோமா வழியும் இருக்கிறது. தொழில்நுட்பம், கணக்கியல், தரவு அறிவியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அது பொருந்தும். தூய கணிதத்துக்கு அது சுற்று வழி.

நான் அட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) எடுக்கவில்லை. கதவு மூடிவிட்டதா?

கணிதப் பட்டத்துக்குக் கூடுதல் கணிதம் இல்லாமல் போவது மிகவும் கடினம். எஸ்.பி.எம்.-ஐத் தனிப்பட்ட முறையில் மறுபடி எழுதி அந்த ஒரு பாடத்தை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியும். மனம் இருந்தால் செய்யுங்கள், நான் உதவுகிறேன். இப்போது படிவம் மூன்றில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: படிவம் நான்கில் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில்தான் பாதி விஷயம் முடிவாகிறது. என் காலத்தில் ஓர் ஆசிரியர் எங்களைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் அட் மேத்ஸ் வேண்டாம், கஷ்டப்படுவீர்கள்" என்றார். எங்கள் வகுப்பில் ஆறு பேர் அந்தப் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

என் மகனுக்குக் கணக்கு மட்டும்தான் பிடிக்கும். மலாய், வரலாறு எதையும் தொடுவதில்லை. கணக்குப் படிப்புக்கு அது போதாதா?

போதாது அம்மா. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் வேண்டும்.

உங்கள் மகனுக்கு இராமானுஜன் கதையைச் சொல்லுங்கள், ஆனால் முழுக்கதையையும் சொல்லுங்கள். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தில் மட்டும் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால், கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கேயும் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். அப்புறம்தான் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம், 1914-இல் கேம்பிரிட்ஜ் பயணம். 1920-இல், 32 வயதில் போய்விட்டார். எல்லோரும் கேம்பிரிட்ஜைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதற்கு முன் வறுமையிலும் தேர்வுத் தோல்வியிலும் போன அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. உங்கள் மகன் வரலாற்றுப் பாடத்துக்கு வாரம் மூன்று மணி நேரம் கொடுத்தால் போதும்.

பல்கலைக்கழகக் கணிதம் பள்ளிக் கணிதம் மாதிரிதானே? இன்னும் கொஞ்சம் கடினம், அவ்வளவுதானா?

இல்லை. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கூடுதல் கணிதத்தில் ஏ எடுத்துத்தான் பல்கலைக்கழகம் போனேன். மெய்யெண் பகுப்பாய்வு என்ற பாடத்தின் முதல் சோதனையில் எனக்கு 100-க்கு 31. விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று அப்பாவுக்குப் பொதுத் தொலைபேசியில் பேசினேன். அவர், "ஒரு மரத்துல பால் வரலைன்னா மத்த மரத்தையும் விட்டுட்டு வந்துருவியா?" என்று கேட்டார்.

வேறுபாடு இதுதான். பள்ளியில் "கண்டுபிடி" என்பார்கள். பல்கலைக்கழகத்தில் "நிரூபி" என்பார்கள். ஒரு சிறிய எடுத்துக்காட்டு: இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படை எண் வரும். 3, 5 கூட்டினால் 8. 7, 11 கூட்டினால் 18. பள்ளியில் இத்தோடு தலையாட்டிவிட்டுப் போவோம். ஆனால் ஆயிரம் சோடி எடுத்துக் காட்டினாலும் அது நிரூபணம் ஆகாது. ஆயிரத்தோராவது சோடி என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? ஒற்றைப்படை எண் எதுவாக இருந்தாலும் அதை ஓர் இரட்டை எண்ணோடு 1 கூட்டியதாக எழுதலாம். அப்படி இரண்டைச் சேர்த்தால் மிஞ்சுகிற 1-உம் 1-உம் சேர்ந்து 2 ஆகிவிடும், ஆகவே மொத்தம் இரட்டை. இப்போது உலகத்தில் உள்ள எல்லாச் சோடிக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டோம். இந்தப் பழக்கம் மனதில் ஏற முதல் ஓராண்டு ஆகும். ஏறிய பிறகு, யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். எனக்குக் கணிதம் கொடுத்த பெரிய சொத்து அந்தக் குரல்தான்.

நேரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியத் தரவிதிப்படி ஒரு கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) என்றால் மாணவர் 40 மணி நேரம் உழைக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. வாரம் மூன்று மணி விரிவுரை, 14 வாரம் என்று வைத்தால் வகுப்பில் 42 மணிதான். மீதி 78 மணி நேரம் நீங்களாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. பட்டத்துக்கு மொத்தம் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துத் தேர்வுக்கு முந்தின நாள் படிக்கும் பழக்கம் இங்கே செல்லாது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு மொழி தடையாகாதா?

தடையாகும். ஆனால் கடக்கக்கூடிய தடை. நம் பிள்ளை ஒரே கணக்கை மூன்று முறை கற்றுக்கொள்கிறது. ஆரம்பப் பள்ளியில் பின்னம், தொகுதி, பகுதி. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதுவே பெச்சாஹான், பெங்ஆங்கா, பென்யெபுட். பல்கலைக்கழகத்தில் பிராக்ஷன், நியூமரேட்டர், டினாமினேட்டர். பொருள் மாறவில்லை, பெயர்தான் மாறுகிறது.

படிவம் ஒன்றில் கணக்கில் சரிந்து விழும் பிள்ளைகளில் பலருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, கேள்வி புரிவதில்லை. அதனால் நான் பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கோடு போட்டு, ஒவ்வொரு கலைச்சொல்லையும் மூன்று மொழியிலும் எழுதி வரச் சொல்கிறேன். படிவம் ஒன்றில் தொடங்கினால் படிவம் ஐந்துக்குள் ஒரு சொந்த அகராதி கையில் இருக்கும். ஆறாம் படிவத்தில் என்னிடம் வரும்போது அந்த நோட்டு கிழிந்து, ஓரம் கறுத்து இருந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தலைமைத்துவப் பாடத்தில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? மேடைப் பேச்சா?

மேடைப் பேச்சு அதில் சிறு பகுதி. நல்ல பாடத்தில் ஆய்வு இருக்கும், வரலாறு இருக்கும், குழுவாகச் செய்யும் பணித்திட்டம் இருக்கும், தன் நடத்தையைத் தானே எழுதிப் பார்க்கும் குறிப்பேடு இருக்கும்.

பெரும்பாலான பாடங்கள் உளவியலாளர் குர்ட் லெவினில் தொடங்கும். அவரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் 1939-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதுச் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலை கொடுத்தார்கள். ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே உத்தரவிட்டார். இன்னொரு வகையினர் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார்கள். மூன்றாம் வகையினர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார்கள். உத்தரவு போட்ட தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் குறைந்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் தலைவர் போன பிறகும் சிறுவர்கள் தொடர்ந்து செய்தார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. மண்டோர் அடுத்த நிரைக்குப் போனதும் என்ன நடந்தது என்பதை நம் தாத்தாமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதன் பிறகு 1970-இல் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர் முன்வைத்த கருத்து வரும். தொண்டு செய்ய வேண்டும் என்ற எண்ணம் முதலில், தலைமை அதற்குப் பிறகு என்றார் அவர். இந்தப் பாடத்தை வாசிக்கும்போது நம் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இதே பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கூலிப் பணத்தைக் கரைத்த தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். 1947-இல் அது போலீசாரோடு மோதல் வரைக்கும் போனது. அந்தப் படையின் பெயரிலேயே "தொண்டர்" இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அமெரிக்க நிறுவனத் தலைவர்களின் கதைகள்தான் இருக்கும். பணித்திட்டத்துக்கு நம் தொண்டர் படையை எடுத்து எழுதுங்கள். முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதற்கு இன்னும் கொஞ்ச காலமே அவகாசம் இருக்கிறது.

வார இறுதித் தன்முனைப்பு முகாமுக்குப் போனால் போதாதா? சான்றிதழும் கொடுக்கிறார்களே.

ஒரு நாள் உற்சாகத்துக்குப் போகலாம். அதைத் தலைமைத்துவப் படிப்பு என்று எண்ணிப் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் தலைமைத்துவ டிப்ளோமா என்று ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தான். அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். இரண்டு ஆண்டு கழித்து வேலைக்குப் போனபோதுதான் அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. வளையல் திரும்பி வரவில்லை. எந்தக் கல்லூரியாக இருந்தாலும், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப் போகும் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். பார்க்கத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கணிதத்துக்கும் தலைமைத்துவத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் சொல்கிறீர்களா?

ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது. மூன்று யோசனை: கணினி அறை, இரவு டியூஷன், பள்ளி வேன். கூட்டத்தில் மூன்று கட்சி, மூன்றுக்கும் ஆள்பலம் சமம். முதல் கட்சிக்குக் கணினி முதலிடம், டியூஷன் அடுத்தது, வேன் கடைசி. இரண்டாம் கட்சிக்கு டியூஷன், வேன், கணினி. மூன்றாம் கட்சிக்கு வேன், கணினி, டியூஷன்.

இப்போது இரண்டிரண்டாக வாக்கெடுப்பு நடத்துங்கள். கணினியா டியூஷனா என்றால், முதல் கட்சியும் மூன்றாம் கட்சியும் கணினிக்குக் கை தூக்கும், கணினி வெல்லும். டியூஷனா வேனா என்றால் டியூஷன் வெல்லும். அப்படியானால் வேனைக் கணினி சுலபமாக வெல்ல வேண்டும் அல்லவா? வைத்துப் பாருங்கள். இரண்டாம் கட்சியும் மூன்றாம் கட்சியும் வேனுக்குக் கை தூக்குகின்றன. வேன் வெல்கிறது! சுற்றிச் சுற்றி வருகிறது, முடிவே இல்லை. பிரான்ஸ் நாட்டுக் கணிதவியலாளர் கொண்டோர்செ 1785-இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்.

இதிலிருந்து தலைமைத்துவத்துக்கு என்ன கிடைக்கிறது? முதல் வாக்கெடுப்பில் கணினியையும் டியூஷனையும் மோதவிட்டு, வென்றதை வேனோடு மோதவிட்டால் வேன் கிடைக்கும். வரிசையை மாற்றினால் வேறொன்று கிடைக்கும். அதாவது எதை முதலில் வாக்குக்கு விடுவது என்று தீர்மானிக்கும் தலைவர், யாரும் அறியாமல் முடிவையே தீர்மானிக்கிறார். கோயில் கமிட்டியிலும் சங்கங்களிலும் சண்டை வரும்போது, "எல்லாம் ஓட்டுப் போட்டுத்தானே முடிவு செய்தோம்" என்பார்கள். ஓட்டு நேர்மையாக இருந்திருக்கலாம், வரிசை நேர்மையாக இருந்ததா என்பதும் ஒரு கேள்வி. 1951-இல் கென்னத் ஏரோ இதை இன்னும் ஆழமாக நிரூபித்தார்: மூன்று அல்லது அதற்கு மேல் யோசனைகள் இருக்கும்போது, நியாயம் என்று நாம் எதிர்பார்க்கும் சில எளிய நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் வாக்கு முறை கிடையாது. ஒருவர் சொல்வதே முடிவு என்ற சர்வாதிகாரத்தைத் தவிர. அவருக்குப் பின்னாளில் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. இதைப் படித்த ஒரு பிள்ளை நாளைக்குக் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்காரும்போது, வரிசையை முதலிலேயே எல்லோரிடமும் பேசி முடிவு செய்யும். அதைத்தான் நான் தலைமைத்துவம் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம் மக்கள் லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியேறிய காலத்தில், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) பங்குப் பணம் கட்டலாம், சேர்ந்த பணத்தில் தோட்டத்தையே வாங்கலாம் என்றார். முதலில் வாங்கியது நம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். லயம் லயமாகப் போய் மக்களை நம்பவைத்தது தலைமை. அந்தப் பத்து வெள்ளி எத்தனை பேர் கட்டினால், எத்தனை ஏக்கர் வரும், கடன் போக எவ்வளவு மிஞ்சும் என்று போட்டது கணக்கு. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நின்றிருக்காது.

கணிதம் படித்தால் ஆசிரியர் வேலை மட்டும்தானா?

ஆசிரியர் வேலை நல்ல வேலை. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்விப் பட்டம் இருக்கிறது. ஆசிரியராகிப் பின்பு தலைமையாசிரியராக விரும்புவோருக்கு, அமினுடின் பாக்கி கழகம் நடத்தும் கல்வித் தலைவர்களுக்கான தகுதிப் பயிற்சியும் உண்டு. தலைமைத்துவப் படிப்பு நேராகப் பதவிக்குத் தேவைப்படும் இடம் அது.

மற்றவை: காப்புறுதி நிறுவனங்களில் அக்சுவரி (ஆபத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வகுக்கும்) பணி, அதற்குத் தனித் தொழில்முறைத் தேர்வுகள் எழுத வேண்டும். வங்கி, புள்ளிவிவரத் துறை, தரவுப் பகுப்பாய்வு.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் சொல்வது கூலிம் ஹைடெக் பூங்கா. நம் அண்ணன்மாரும் அக்காமாரும் அங்கே தொழிற்சாலை பஸ் ஏறி ஆப்பரேட்டர் வேலைக்குப் போகிறார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் தொங்கும்; நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். அளவு கோட்டைத் தாண்டினால் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். அந்த வரைபடத்தை 1924-இல் வால்டர் ஷூஹார்ட் என்பவர் உருவாக்கினார். இயந்திரம் ஒழுங்காக ஓடும்போது அளவுகள் இயல்நிலைப் பரவலாக (நடுவில் அதிகம், இரு ஓரத்திலும் குறைவு என்று) அமைந்தால், எல்லைக் கோட்டைத் தாண்டுவது ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று முறைதான். ஆகவே தாண்டினால் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படலாம். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் மேசையில் புள்ளியியல் படித்தவர் உட்கார்கிறார். அதே தொழிற்சாலை, அதே வாசல். நம் பிள்ளை அந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

பெண் பிள்ளையைத் தூரமாக அனுப்பப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அக்கா. என் அம்மாவும் முதல் நாள் விடுதி வாசலில் என் கையை விடவில்லை. செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பக்கம்தான், ஆனால் அதன் பேர் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் போன்ற துறைகளில். கணிதத்துக்குப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969-இல் தொடங்கியது, கணித அறிவியலுக்கென்று தனிப் பள்ளியே உண்டு. சுங்கைப்பட்டாணியிலிருந்து கம்யூட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிடலாம். வடக்கே சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம் நிர்வாகத் துறைக்குப் பேர் போனது. கணிதத்தையும் நிர்வாகத்தையும் ஒன்றாகப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல இடம். முதல் வாரம் நீங்களே கூடப் போய் விடுதியைப் பாருங்கள். நான் படித்த காலத்தைவிட இப்போது எவ்வளவோ மேல்.

பணம்?

பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் 1997-லிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். 25,000 வெள்ளி வாங்கிப் பத்து ஆண்டில் கட்டினால், ஆண்டுக்கு 250 வீதம் 2,500 சேர்ந்து 27,500. மாதத்துக்கு ஏறத்தாழ 229 வெள்ளி. முதல் வகுப்பில் பட்டம் பெறுவோருக்குக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்க வழி இருக்கிறது, நிபந்தனைகளை அந்த ஆண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்குவது அவமானம் இல்லை. கட்டாமல் விடுவதுதான் பின்னால் வரும் பிள்ளைகளைப் பாதிக்கும்.

விடுமுறையில் சும்மாதான் இருக்கிறேன். இப்போதே என்ன செய்யலாம் டீச்சர்?

இரண்டு வேலை தருகிறேன் தம்பி. முதலாவது, ஏதாவது ஒரு பொறுப்பை எடு. கோயில் நூலகத்தின் செயலாளர், கால்பந்துக் குழுவின் பொருளாளர், எதுவானாலும் சரி. மூன்று மாதம் கூட்டக் குறிப்பும் வரவு செலவும் எழுது. பாடத்தில் சேரும்போது சொல்ல உனக்குச் சொந்தக் கதை இருக்கும்.

இரண்டாவது, உன் அப்பா வேலை செய்யும் செம்பனைக் காட்டுக்குப் போய் மரங்களின் நிரையைப் பார். சதுரமாக நட்டிருக்காது, முக்கோணமாக இருக்கும். எந்த மரத்திலிருந்து அளந்தாலும் சுற்றியுள்ள ஆறு மரமும் 9 மீட்டர் தூரத்தில். 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டருக்கு 123 மரம். முக்கோணமாக நட்டால் ஏறத்தாழ 143. ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைக்காமலேயே இருபது மரம் கூடுதலாக வந்துவிடுகிறது. ஏன்? படம் வரைந்து, பிதாகரஸ் தேற்றத்தை மட்டும் வைத்துக் காட்ட முடியும். 9 மீட்டருக்கு மட்டும் காட்டினால் போதாது, எந்த இடைவெளியாக இருந்தாலும் அதே விகிதம்தான் வரும் என்று காட்ட வேண்டும். எழுதி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு வா. தமிழில் எழுதினாலும் சரி, மலாயில் எழுதினாலும் சரி.